மாயரின் கதிர் அரிவாள் பாடங்கள்: ஏட்டிலிருந்து பயிற்சிக் களம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

1540களில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உருவான ஒரு சண்டைக்கலைத் தொகுப்பு, நீண்ட வாளுக்கும் ஈட்டிக்கும் காட்டிய அதே அக்கறையைக் கதிர் அரிவாளுக்கும் காட்டியிருக்கிறது. தொகுத்தவர் பவுலுஸ் ஹெக்டர் மாயர் (1517–1579). நகராட்சிக் கருவூலத்தில் வேலை பார்த்தவர். சண்டைக்கலை ஏடுகளைத் தேடித் தேடி வாங்கிச் சேர்த்தவர். ஓவியங்களுக்கு இளைய யோர்க் ப்ரோயை அமர்த்தினார். நகரப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1579-இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் விட்டுச் சென்ற தொகுப்பு மட்டும் மூன்று பிரதிகளாக இன்றும் பத்திரமாக இருக்கிறது.

வரலாற்று ஐரோப்பியத் தற்காப்புக் கலைகளைப் பயில்கிறவர்கள் இந்த அரிவாள் பகுதிக்கு ஆர்வமாக வருகிறார்கள். ஓவியத்தைப் பார்த்து அதே போல நிற்கிறார்கள், இரண்டு வீச்சு வீசிப் பார்க்கிறார்கள், ‘இது வேலைக்கு ஆகாது’ என்று விட்டுவிடுகிறார்கள். பாடங்களில் குறை இல்லை. அரிவாள் பிடித்த வலது கையையே அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் சண்டையை நடத்துவது இடது கை. அதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், மூடிக் கிடக்கும் வரிகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்தப் படிப்பை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: மூன்று பிரதிகளையும் அருகருகே வையுங்கள்

டிரெஸ்டனில் இருப்பது ஜெர்மன் உரை (சி 93, சி 94 என்ற எண்கள்). மியூனிக்கில் இருப்பது லத்தீன் (கோடெக்ஸ் ஐகோன் 393). வியன்னாவில் இருப்பதில் (10825, 10826) இரண்டு மொழிகளும் உண்டு. டிரெஸ்டன், மியூனிக் நூலகங்கள் தங்கள் பிரதிகளின் பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டுமென்றால் விக்டெனாவர் என்ற தளம் போதும்.

மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். ஒரு பாடத்தின் ஜெர்மன் வடிவம் சுருக்கமாக இருக்கும்; லத்தீன் வடிவம் அதையே நீட்டிச் சொல்லும், சில நேரம் வேறு மாதிரியும் சொல்லும். ஒரே பாடத்துக்கு மூன்று பிரதியிலும் ஓவியம் தனித்தனியாக வரையப்பட்டிருப்பதால், கால் வைத்திருக்கும் இடம், விரல்கள் மூடியிருக்கும் விதம் போன்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. மூன்றிலும் ஒத்துப்போகும் விவரத்தை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் வரும் விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1524–25-இல் ஜெர்மன் நிலங்களில் பெரும் விவசாயிகள் கிளர்ச்சி நடந்தது. அதனால் இதைக் கிளர்ச்சிக்காரர்களின் போர்முறை என்று சொல்லிவிடக் கை பரபரக்கும். மாயர் நகரத்து ஆள். விலை உயர்ந்த இந்த ஏடுகள் பணமும் பதவியும் உள்ளவர்களின் கைக்குப் போனவை. வயலில் அரிவாள் பிடித்தவர்கள் இப்படித்தான் சண்டையிட்டார்கள் என்பதற்கு இந்த ஏடு சாட்சி ஆகாது. தேர்ந்த சண்டைக்கலை அறிவு அரிவாளின் மேல் பொருத்தப்பட்டதற்குத்தான் இது சாட்சி.

படி 2: ‘நீ’ யார் என்று கண்டுபிடியுங்கள்

மாயரின் உரையில் எல்லாரையும் தடுக்கி விழவைக்கும் இடம் இது. பாடம் பெரும்பாலும் இப்படித்தான் நகரும்: நீ இப்படி நில், இப்படி வெட்டு. அவன் உன்னை இப்படி வெட்டினால், நீ இப்படிப் பிடி. அவன் உன்னைப் பிடித்துவிட்டால், நீ காலைப் பின்னால் எடு. மூன்று வரியிலும் ‘நீ’ வருகிறது. ஆனால் முதல் வரியின் ‘நீ’ தாக்குகிறவர், இரண்டாம் வரியின் ‘நீ’ தாக்கப்படுகிறவர், மூன்றாம் வரியில் மறுபடி முதல் ஆள். உரை யாரிடம் பேசுகிறது என்பது இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும்.

தீர்வு எளிது. பாடத்தை அச்செடுத்து, ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம் என்று ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் நிறம் போடுங்கள். ஒவ்வொரு செயலுக்கும் யாருடைய கை, எந்தக் கை, யாருடைய எந்த உறுப்பின் மேல் என்று மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். ‘வலது கையைப் பிடி’ என்ற வரியில் பிடிக்கும் கை சொல்லப்படாவிட்டால், அரிவாள் வலது கையில் இருப்பதால் இடது கை என்று முடிவு செய்யலாம்; ஆனால் அது உங்கள் ஊகம் என்று தெரியும்படி வேறு நிறத்தில் எழுதுங்கள். நிறம் போட்டு முடித்த பிறகே ஓவியத்தைப் பாருங்கள். ஓவியம் பாடத்தின் ஒரு நொடியைத்தான் காட்டும். அது தொடக்கமா, நடுவிலா, முடிவா என்பதை நீங்கள் நிறம் போட்ட உரைதான் சொல்லும். படத்தில் சிவப்புக்காரர் குனிந்திருந்தால், உரையில் அவர் குனிய வேண்டிய வரி எது என்று தேடுங்கள். கிடைத்துவிட்டால் படத்தின் நொடி பிடிபட்டுவிடும்.

படி 3: சொற்களைப் பழகுங்கள்

மாயர் அரிவாளுக்கென்று தனி மொழி எதையும் உருவாக்கவில்லை. ஜெர்மன் வாள் மரபில் ஏற்கெனவே புழங்கிய சொற்களையே எடுத்துப் போட்டிருக்கிறார். ‘சூஃபெக்டென்’ என்பது நெருங்கிச் செல்லும் கட்டம். ‘ஹாவ்’ வெட்டு, ‘ஷ்னிட்’ இழுத்து அறுப்பது, ‘ஃபெர்செட்சென்’ தடுப்பது, ‘ப்ரூஹ்’ எதிராளியின் நுட்பத்தை முறிக்கும் எதிர்வினை. ‘ஃபெர்கேர்ட்’ என்று கையைப் பற்றி வந்தால் கை திருப்பப்பட்டிருக்கிறது என்று பொருள்; கட்டைவிரல் கீழே போய், உள்ளங்கை வெளிப்புறம் பார்க்கும். இந்தச் சின்ன விவரத்தைத் தவறவிட்டால் பாதிப் பிடிகள் வேலை செய்யாது. ஏன் என்று ஐந்தாம் படியில் பார்ப்போம்.

படி 4: கருவியின் புத்தியைப் புரிந்துகொள்ளுங்கள்

வீச்சரிவாளை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். இங்கே பேசுவது பிறை போல வளைந்து, வளைவின் உட்புறத்தில் மட்டும் கூர் உள்ள கதிர் அரிவாளைப் பற்றி. வீட்டில் ஒன்று இருந்தால் கையில் எடுத்து எடையையும் பிடியையும் உணர்ந்து பாருங்கள். பயிற்சிக்கு மட்டும் அதைக் கொண்டுபோகவே கூடாது. நல்ல ஐரோப்பிய அரிவாள்களில் அலகு பிடியிலிருந்து முதலில் சற்றுப் பின்னோக்கிப் போய், பிறகு முன்னோக்கி வளையும். அதனால் எடை கைப்பிடியின் நேர்க்கோட்டை ஒட்டி அமையும், மணிக்கட்டு திருகாமல் நெடுநேரம் அறுக்கலாம். சண்டையிலும் இதே அமைப்புதான் கையைச் சட்டென்று திருப்ப உதவுகிறது.

அரிவாளின் இந்த அமைப்பால் நான்கு விளைவுகள் உண்டு. பாடங்கள் எல்லாமே இவற்றின் மேல் நிற்கின்றன.

வாள் வெட்டு கை நீண்ட நிலையில் முடிகிறது. அரிவாள் வெட்டில் முனை இலக்கைத் தாண்டிப் போய், திரும்பி இழுக்கும்போதுதான் கூர் படுகிறது. ஆக வெட்டு முடியும்போது முழங்கை மடிந்து கை உங்களை நோக்கி வருகிறது. மடிந்த முழங்கை எதிராளிக்கு நல்ல பிடி.

அடுத்தது தூரம். அலகு நீளம் ஏறத்தாழ முன்கை அளவுதான். அது எட்டும் தொலைவில் எதிராளியின் இடது கையும் உங்களை எட்டும். அரிவாள் சண்டை முழுக்க மல்யுத்தத் தூரத்திலேயே நடக்கிறது.

கைக்குக் காப்பு கிடையாது. அலகோடு அலகை மோதித் தடுக்கப் போனால் வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, யாருடைய விரல் முதலில் போகும் என்று சொல்ல முடியாது.

கடைசி விளைவுதான் மிக முக்கியம். மேலிருந்து வரும் வெட்டை மணிக்கட்டுக்கு முன்னால் நின்று தடுத்துவிட்டால் கை நிற்கும், முனை நிற்காது. வளைவு உங்கள் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து தலையிலோ கழுத்திலோ இறங்கும். அதனால்தான் பாடங்கள் கையை நிறுத்தச் சொல்வதோடு விடாமல், பிடிக்கவும் தள்ளவும் சொல்கின்றன. ‘உன்னிடமிருந்து தள்ளு’ என்ற சொற்றொடரை அலங்காரம் என்று தாண்டிப் போகாதீர்கள். உயிர் காப்பதே அந்தத் தள்ளல்தான்.

பயிற்சிக் கருவியும் காப்பும்

உலோகம் வேண்டாம், மழுங்கியதும் வேண்டாம். கன்வேயர் பெல்ட் ரப்பரையோ பல அடுக்குத் தோலையோ பிறை வடிவில் வெட்டி மரப்பிடியில் பொருத்துங்கள். முனை ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குறையக் கூடாது, அழுத்தினால் வளைய வேண்டும். உட்புற விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துவிட்டால் கூர் எங்கே பட்டது என்று உடையில் தெரியும். முனை மட்டும் பட்டு விளிம்பு படவில்லை என்றால் தூரம் தவறு.

வாள்வீச்சு முகமூடியின் வலை முன்பக்கத்தைக் காக்கும், பின்மண்டை திறந்தே இருக்கும். வாளுக்கு அது பெரிய குறை இல்லை. அரிவாள் முனையோ சுற்றிக்கொண்டு பின்னால்தான் போகிறது. 1600 நியூட்டன் தர முகமூடி அணிந்திருந்தாலும் பின்மண்டைக் காப்பும் கழுத்துக் காப்பும் இல்லாமல் மேல்வெட்டுப் பாடம் எதையும் தொடாதீர்கள். கையுறை, முழங்கைக் காப்பு, முழங்கால் காப்பு கட்டாயம். இன்னும் இரண்டு விதிகள்: காலில் கொக்கி போட்டால் வைப்பதோடு நிறுத்த வேண்டும், இழுக்கக் கூடாது, யாராவது ‘நிறுத்து’ என்றால் அரிவாளை இழுத்து எடுக்காமல் பிடியை விட்டுவிட வேண்டும். சிக்கிய கொக்கியை இழுத்து எடுக்கும் நொடியில்தான் முழங்கால் திருகும்.

படி 5: ஒரு பாடத்தை உடலில் ஏற்றுவது

இனி வருவது மாயரின் எந்த ஒரு தனிப் பாடத்தின் மொழிபெயர்ப்பும் அல்ல. அந்தப் பகுதியின் போக்கை வைத்துப் பயிற்சிக்காக நான் அடுக்கிய மாதிரி. முறை பிடிபட்டதும் ஏட்டின் பாடங்களை இதே வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

இருவரும் வலக்கைக்காரர்கள், இருவருக்கும் இடது கால் முன்னால். சிவப்புக்காரரின் அரிவாள் வலது காதருகே உயர்ந்திருக்கிறது. நீலக்காரருடையது வலது தொடையருகே தாழ்ந்திருக்கிறது.

சிவப்பு வலது காலை முன்வைத்து, நீலத்தின் தலையின் இடப்பக்கத்துக்கு மேலிருந்து வெட்டுகிறார். நீலம் இடது கையைத் திருப்பி, அதாவது கட்டைவிரல் கீழே, உள்ளங்கை வெளியே என்று வைத்து, சிவப்பின் வலது முழங்கையை உட்புறத்திலிருந்து பற்றி வெளியே தள்ளுகிறார். அதே நொடியில் தன் வலது காலை முன்வைத்து, சிவப்பின் வலது முழங்காலுக்குப் பின்னால் உட்புறமாக அரிவாளைக் கொண்டுபோகிறார். சிவப்பு அந்த வலது காலைப் பின்னால் எடுக்கிறார். கொக்கி காற்றைப் பிடிக்கிறது. பின்வாங்கும்போதே முன்கையை மடக்கி, தன்னைப் பற்றியிருக்கும் நீலத்தின் இடது கையின் மேல் கூரை வைத்து இழுக்கிறார். நீலம் பிடியை விட்டே ஆக வேண்டும். இருவரும் விலகுகிறார்கள்.

முதலில் அரிவாளே இல்லாமல், வெறும் கையால், மெதுவாகச் செய்யுங்கள். பிறகு சிவப்பு மட்டும் கருவியோடு. பிறகு இருவரும். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று இடங்களை உற்றுப் பாருங்கள்.

பிடி பிடிபடும் நேரம். சிவப்பின் வலது பாதம் தரையில் பதிவதற்கு முன்பே நீலத்தின் கை முழங்கையைத் தொட்டிருக்க வேண்டும். பதிந்த பிறகு தொட்டால் வெட்டு முடிந்திருக்கும். நீலம் கையைப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்போதும் தாமதமாகும்; பார்வை சிவப்பின் மார்பில் இருக்கட்டும்.

கை திருப்பப்பட்டிருக்கும் விதம். கட்டைவிரல் மேலே வைத்துப் பிடித்துப் பாருங்கள். முழங்கை நின்ற இடத்திலேயே நிற்கும், முன்கை கீல் போல மடிந்து முனை உங்கள் தலைக்கு வந்துவிடும். கட்டைவிரலைக் கீழே கொண்டுபோய்த் தள்ளினால் முழங்கையோடு சிவப்பின் தோளும் திரும்புகிறது, வெட்டின் பாதையே மாறிப்போகிறது. ‘ஃபெர்கேர்ட்’ என்ற ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. நேரில் செய்து பார்க்காதவருக்கு இதை விளக்கவே முடியாது.

நீலத்தின் தலை. காலுக்கு எட்ட அவர் குனிந்தால், தலை சிவப்பின் அரிவாளுக்குக் கீழே போகிறது. குனிய வேண்டியிருக்கிறது என்றால் வலது காலை எட்டி வைக்கவில்லை என்று அர்த்தம். முழங்காலை மடக்கி இடுப்பை இறக்கினால் முதுகு நிமிர்ந்தபடியே கை எட்டும்.

சிவப்பின் எதிர்வினை எங்கிருந்து வருகிறது என்றும் கவனியுங்கள். நீலம் முழங்கையைப் பிடித்ததால் முன்கை விடுதலையாக இருக்கிறது. பிடித்த கை கூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிடியே தன் முறிப்புக்கு வழி வைத்திருக்கிறது. ஒரு பாடத்தை நீங்கள் செய்துபார்க்கும்போது எதிர்வினை இப்படித் தானாக வந்து விழுந்தால், உங்கள் பொருள்கோள் சரியான திசையில் போகிறது. எதிராளி இரண்டு அடி நகர்ந்து, உடலைத் திருகி, நீங்கள் காத்திருந்தால்தான் எதிர்வினை நடக்கும் என்றால் எங்கேயோ தூரத்தையோ காலையோ தவறாக வைத்திருக்கிறீர்கள். நிறம் போட்ட தாளுக்குத் திரும்புங்கள்.

படி 6: இடைவெளிகளை எதைக் கொண்டு நிரப்புவது?

உரை எல்லாவற்றையும் சொல்லாது. எடை எந்தக் காலில், பாதம் எந்தக் கோணத்தில், விலகும்போது அரிவாள் எங்கே என்பதெல்லாம் பல நேரம் விட்டுப்போயிருக்கும். நிரப்பும்போது ஒரு வரிசை வையுங்கள். முதலில் அதே பகுதியின் மற்றப் பாடங்கள். அடுத்து அதே தொகுப்பின் குத்துவாள், மல்யுத்தப் பகுதிகள். அவற்றில் முழங்கைப் பிடி, திருப்பிய கை, காலுக்கு வரும் நுட்பம் எல்லாம் நிறையக் கிடைக்கும். குத்துவாள் பாடங்களைச் சில வாரம் பழகிய பிறகு அரிவாள் பகுதியைத் திறந்தால் வேகமாகப் புரியும். அதற்கும் பிறகுதான் அதே காலத்து மற்ற ஜெர்மன் ஏடுகள்.

சிலம்பம் கற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குக் கால்மானமும் அரிவாள் வீச்சும் ஏற்கெனவே உடம்பில் ஊறியிருக்கும். உடல் கட்டுப்பாட்டில் அது பெரும் பலம். பொருள்கோளில் அது உங்களுக்குத் தெரியாமலே உள்ளே நுழையும். மாயர் ஓர் அடி வைக்கச் சொன்ன இடத்தில் நீங்கள் சுழன்றிருப்பீர்கள், அது அழகாகவும் வேலை செய்யும். வேலை செய்கிறது என்பதாலேயே அது மாயருடையது ஆகிவிடாது. ஜப்பானின் ஒகினாவாத் தீவு மரபில் வரும் காமா என்ற அரிவாளைப் பழகியவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இரண்டு மரபுக்கும் மரியாதை, அவற்றைத் தனித்தனியாக வைப்பதில் இருக்கிறது.

படி 7: ஒத்துழைக்காத துணைவரோடு சோதியுங்கள்

ஒப்புக்கொண்டபடி வெட்டும் துணைவரிடம் எந்தப் பாடமும் வெற்றி பெறும். அடுத்த கட்டத்தில் சிவப்புக்கு இரண்டு தேர்வு கொடுங்கள்: மேல்வெட்டு அல்லது பொய்வெட்டு காட்டி நிறுத்துவது. நீலம் பொய்வெட்டுக்கும் கையை நீட்டிக் கொடுத்தால், நீட்டிய அந்தக் கைதான் அடுத்த இலக்கு. பிறகு சிவப்பு வெட்டிய கையை உடனே பின்னிழுக்கலாம் என்று விடுங்கள். அதன் பிறகு வேகத்தைச் சிறிது கூட்டுங்கள். முழு வேகச் சண்டைக்கு இந்தக் கருவி எனக்கு ஒப்பாது. முழங்காலும் கழுத்தும் இலக்காக உள்ள ஆட்டத்தில் எந்தக் காப்பும் போதாது. பாதி வேகத்தில், இருவரும் நேர்மையாக, ‘பட்டது’ என்று சொல்லும் பழக்கத்தோடு ஆடினாலே வேண்டிய விடைகள் கிடைத்துவிடும்.

படி 8: பதிவு

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள், மூன்று பத்தி. முதல் பத்தியில் ஏட்டில் உள்ளது மட்டும், பிரதியின் பெயரோடு. இரண்டாவதில் நீங்கள் ஊகித்தது, எந்த அடிப்படையில் என்பதோடு. மூன்றாவதில் களத்தில் நடந்தது, தேதியோடு. இரண்டாம் பத்தி முதல் பத்தியைவிட நீளமாகிக்கொண்டே போனால், அந்தப் பாடத்தை ஒத்திப்போட்டு எளிய ஒன்றை எடுங்கள். இருவரும் இடது கால் முன்னால் நின்று, ஒருவர் மேலிருந்து வெட்டும் பாடங்கள் தொடக்கத்துக்கு ஏற்றவை.

தாள் முடிந்ததும், உங்களோடு பழகாத ஒருவரிடம் அதைக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் படித்து மெதுவாகச் செய்துகாட்டட்டும். அவர் எந்த வரியில் தயங்கி உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அந்த வரியை அடிக்கோடிட்டு, ஏட்டின் அந்த இடத்தை மறுபடி திறந்து படியுங்கள்.